நாற்பதில் தொடங்கும் முதுமை: மூளை நலமும் அன்றாடப் பழக்கங்களும்

(கம்மாபுரத்தில் நிகழ்த்தப்பட்ட அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



மூளை நலம் என்று அழைப்பிதழில் போட்டிருப்பதைப் பார்த்துவிட்டு, வல்லாரைக் கீரை, பாதாம் பருப்பு, நினைவாற்றல் பயிற்சி இவற்றைப் பற்றிப் பேசுவேன் என்று சிலர் எதிர்பார்த்திருக்கலாம். அவற்றுக்கும் வருகிறேன். ஆனால் இந்த மாவட்டத்தில் அரசு மருத்துவனாகப் பணியாற்றியவன் என்ற முறையில், என் நேரத்தில் பெரும்பகுதியை பிரஷர் மாத்திரைக்கும் காதுக்கும் ஒதுக்கப்போகிறேன். ஏன் என்பதைச் சொன்னால் ஏற்றுக்கொள்வீர்கள் என்று நம்புகிறேன்.

முதலில் நோயைப் பற்றி. வயதானால் பெயர்கள் சட்டென்று வாயில் வராது. கண்ணாடியை எங்கே வைத்தோம் என்று தேடுவோம். இது நோயில்லை. நாற்பது வருடம் ரசம் வைத்த கை, புளியைக் கரைத்துவிட்டு அடுத்து என்ன செய்வதென்று தெரியாமல் அடுப்பு முன்னால் நின்றால் அது நோய். ரேஷன் கடைக்குப் போன ஆயா, வாக்கப்பட்டு வந்த நாள் முதல் புழங்கிய தெருவில் தன் வீட்டைத் தாண்டிப் போய்விட்டு ‘இது எந்த ஊரு?’ என்று கேட்டால் அது நோய். மருத்துவத்தில் டிமென்ஷியா என்கிறோம். நம் ஊரில் ‘ஆயாவுக்குப் புத்தி தடுமாறிப் போச்சு’ என்று சொல்லி, திண்ணையின் ஓரத்தில் உட்கார வைத்துவிடுகிறோம். வயசானா அப்படித்தான் என்ற ஒரு வரியில் வைத்தியம் முடிந்துவிடுகிறது. அந்த ஒரு வரியை எதிர்த்துத்தான் இன்று பேச வந்திருக்கிறேன்.

இது இந்தியாவில் அரிதான நோய் என்று ஒரு காலத்தில் உலகமே நம்பியது. அதற்குக் காரணமான ஆய்வும் நல்ல ஆய்வுதான். டெல்லிக்குப் பக்கத்தில் ஹரியானாவின் பல்லப்கர் கிராமங்களில் இந்திய, அமெரிக்க ஆய்வாளர்கள் சேர்ந்து முதியவர்களைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்தார்கள். 1998-லும் 2001-லும் முடிவுகள் வந்தன. அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் ஒரு பகுதியோடு ஒப்பிட்டால், டிமென்ஷியாவின் முக்கிய வகையான அல்சைமர் நோய் புதிதாக வருகிற வேகம் பல்லப்கரில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்குதான். உடனே மஞ்சள்தான் காரணம், குழம்புதான் காரணம் என்று ஊரெங்கும் பேச்சு கிளம்பியது. மஞ்சளிலிருந்து எடுத்த குர்குமினை நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்த பரிசோதனைகள் பலன் காட்டவில்லை. அதைவிட முக்கியம், பிறகு நாடு முழுவதும் எடுத்த கணக்கு. 60 வயதுக்கு மேற்பட்ட 4,096 பேரை மாநிலம் மாநிலமாக நேரில் சோதித்து, 2023-இல் வெளியிட்டார்கள். நூற்றுக்கு 7.4 பேருக்கு டிமென்ஷியா. நாடு முழுவதற்கும் சுமார் 88 லட்சம் பேர். ஆண்களைவிடப் பெண்களுக்கு அதிகம். நகரத்தைவிடக் கிராமத்தில் அதிகம். கிராமத்துக் காற்றும் கம்பங்கூழும் நம்மைக் காப்பாற்றிவிடும் என்ற நிம்மதிக்கு இடமில்லை.

இங்கே பீங்கான் தொழில் தெரிந்தவர்கள் நிறையப் பேர் இருக்கிறீர்கள். சூளையில் ஒரு பொம்மை வெடித்தால் குற்றம் சூளையுடையது என்று நீங்கள் சொல்ல மாட்டீர்கள். அச்சிலிருந்து எடுத்துக் காய வைத்தபோதே ஒரு பக்கம் வெயிலும் ஒரு பக்கம் ஈரமுமாக இருந்திருக்கும். கண்ணுக்குத் தெரியாத கீறல் அப்போதே விழுந்திருக்கும். சூடு அதைக் காட்டிக்கொடுக்கிறது, அவ்வளவுதான். மூளையிலும் அப்படித்தான். எழுபதில் வெளிப்படும் அல்சைமருக்கான புரதப் படிவு ஐம்பதுகளிலேயே சேர ஆரம்பித்துவிடுகிறது. ரத்தக் குழாய்க் கோளாறு அதற்கும் முன்னால் நாற்பதில் தொடங்கிவிடுகிறது. ஆகவே நான் இன்று பேசுவது முன்வரிசையில் அமர்ந்திருக்கும் தாத்தா, ஆயாக்களுக்கு மட்டுமல்ல. பின்னால் சுவரில் சாய்ந்து நிற்கிறீர்களே, முப்பத்தைந்து நாற்பது வயதுக்காரர்கள், முக்கியமாக உங்களுக்கு.

லான்செட் மருத்துவ இதழ் அமைத்த நிபுணர் குழு ஒன்று இந்த விஷயத்தைத் தொடர்ந்து ஆராய்ந்து வருகிறது. 2017-இல் ஒன்பது காரணங்களைச் சொன்னார்கள். 2020-இல் பன்னிரண்டு. 2024-இல் பதினான்கு. இந்தப் பதினான்கையும் முழுமையாகச் சரிசெய்ய முடிந்தால், உலகில் ஏற்படும் டிமென்ஷியாவில் ஏறக்குறைய 45 விழுக்காட்டைத் தடுக்கவோ தள்ளிப்போடவோ முடியும் என்பது அவர்கள் கணக்கு. மீதிக்கு வயதும் பரம்பரையும் இன்னும் புரியாத காரணங்களும். பதினான்கையும் இங்கே வரிசையாக ஒப்பிக்கப்போவதில்லை. நம் ஊருக்கு எது பொருந்துகிறதோ அதில் நிற்கிறேன்.

பிரஷரிலிருந்து தொடங்குவோம். மூளையின் எடை ஏறத்தாழ ஒன்றரைக் கிலோவுக்குச் சற்றுக் குறைவு. உடல் எடையில் நூற்றுக்கு இரண்டு பங்கு. ஆனால் நாம் இழுக்கிற உயிர்வளியில் ஐந்தில் ஒரு பங்கை அது எடுத்துக்கொள்கிறது. அதைக் கொண்டுசேர்க்கிற குழாய்களில் பெரும்பாலானவை மயிரிழையைவிட மெல்லியவை. அவற்றில் பத்து, இருபது வருடம் அழுத்தம் கூடுதலாகவே இருந்தால் சுவர் தடித்துப்போகும். உட்புறம் குறுகும். அங்கங்கே கடுகளவு இடம் ரத்தமில்லாமல் கருகும். கை கால் விழுந்தால் பக்கவாதம் என்று தூக்கிக்கொண்டு ஓடுகிறோம். இந்தக் கடுகளவுச் சேதம் கை காலைத் தொடாது. அறிவைத் தொடும். அதனால் யாருக்கும் தெரியாது.

2020-இல் தமிழ்நாட்டில் நடந்த தொற்றாநோய்க் கணக்கெடுப்பில், பெரியவர்களில் மூன்றில் ஒருவருக்கு, சரியாகச் சொன்னால் 33.9 விழுக்காட்டினருக்கு, உயர் ரத்த அழுத்தம் இருந்தது. அவர்களில் அழுத்தம் கட்டுக்குள் இருந்தவர்கள் 7.3 விழுக்காடு. நூறு பிரஷர்காரர்களில் ஏழு பேர். மற்ற தொண்ணூற்றுமூன்று பேரில் பலருக்குத் தங்களுக்கு நோய் இருப்பதே தெரியாது. தெரிந்த பலர் மாத்திரையை நிறுத்திவிட்டவர்கள். அந்தக் கணக்குக்குப் பிறகுதான் 2021 ஆகஸ்ட் 5-ஆம் தேதி கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் தொடங்கியது. இன்று உங்கள் தெருவுக்கே மாத்திரை வருகிறது.

வந்த மாத்திரை என்ன ஆகிறது? வீடுகளில் பார்த்திருக்கிறேன். சாமி படத்துக்குப் பின்னால், இல்லையென்றால் டிவி மேல் ஒரு பிளாஸ்டிக் டப்பா. அதில் அம்லோடிபின் அட்டை ஒன்று. பத்தில் நாலு பிய்த்திருக்கும். பக்கத்தில் முழுதாக இரண்டு அட்டை, போன மாதம் வந்தது, அதற்கு முந்தின மாதம் வந்தது. ‘ஏம்மா போடலை?’ என்றால், ‘தலை சுத்தல் நின்னுடுச்சே சார்’ என்பார்கள். இல்லையென்றால், ‘பழக்கமாயிடும்னு சொன்னாங்க’ என்பார்கள். சிலருக்குக் கால் வீங்கியிருக்கும். அதை மருத்துவரிடம் சொல்லாமல் தாங்களே நிறுத்தியிருப்பார்கள். அந்த மாத்திரையில் கால் வீக்கம் வருவது உண்டு. சொன்னால் வேறு மாத்திரைக்கு மாற்றிக் கொடுப்பார்கள். ஒன்றை மட்டும் மனத்தில் வையுங்கள்: தலைசுற்றல் வேறு, பிரஷர் வேறு. பெரும்பாலானவர்களுக்கு பிரஷர் எந்த அறிகுறியும் காட்டாது. உடம்பு நன்றாக இருக்கிறது என்று நிறுத்துகிற ஒவ்வொரு மாதமும் மூளையின் கணக்கில் ஏறுகிறது.

இது வெறும் அறிவுரையில்லை என்பதற்கு, நம்முடையதைப் போன்ற கிராமங்களிலேயே சான்று இருக்கிறது. சீனாவில் 326 கிராமங்கள், நாற்பது வயதுக்கு மேற்பட்ட 33,995 பேர், எல்லோருக்கும் உயர் ரத்த அழுத்தம். பாதிக் கிராமங்களில் வழக்கமான சிகிச்சை. மீதிக் கிராமங்களில், பெரிய பட்டம் இல்லாத கிராம மருத்துவர்களுக்குப் பயிற்சி கொடுத்து, அழுத்தத்தை 130/80-க்கும் கீழே கொண்டுவரச் சொன்னார்கள். மருந்து இலவசமாகவோ மலிவாகவோ கிடைத்தது. வீட்டிலேயே பார்த்துக்கொள்ளக் கருவி கொடுத்தார்கள். உப்பைக் குறைக்கச் சொல்லிக்கொடுத்தார்கள். நான்கு ஆண்டு முடிவில் அந்தக் கிராமங்களில் டிமென்ஷியா 15 விழுக்காடு குறைந்திருந்தது. 2025-இல் வெளியான முடிவு இது. என் பேச்சுக்கு இதைவிடப் பெரிய ஆதாரம் வேண்டியதில்லை. ஸ்கேன் இல்லை, சிறப்பு மருத்துவமனை இல்லை, விலையுயர்ந்த ஊசி இல்லை. தெருவில் அறிமுகமான ஒருவர் மாதா மாதம் வந்து கையில் பட்டையைச் சுற்றிப் பார்த்தார். மாத்திரை போட்டீர்களா என்று கேட்டார். பழக்கம் என்பது தனி மனிதருடைய மன உறுதியில் நிற்பதாக நாம் நினைக்கிறோம். என் அனுபவம் அப்படிச் சொல்லவில்லை. கேட்கிறவர் ஒருவர் இருந்தால் பழக்கம் நிற்கிறது.

பார்ப்பதிலும் ஒரு முறை இருக்கிறது. வெயிலில் நடந்து வந்த மூச்சோடு பார்க்கக் கூடாது. முதுகைச் சாய்த்து, பாதம் இரண்டும் தரையில் படும்படி ஐந்து நிமிடம் சும்மா உட்கார வேண்டும். அதற்கு அரை மணிக்கு முன்பே டீ, பீடி இரண்டும் முடிந்திருக்க வேண்டும். சிறுநீர் முட்டிக்கொண்டிருக்கக் கூடாது. புடவை முந்தானை, சட்டைக் கை இவற்றின் மேல் பட்டையைச் சுற்றாமல் வெறுங்கையில் சுற்ற வேண்டும். கையை மேசை மேல் நெஞ்சு மட்டத்தில் வைத்துக்கொண்டு, பட்டை இறுகும்போது பேசாமல் இருக்க வேண்டும். இரண்டு முறை பார்க்க வேண்டும். கண்டபடி பார்த்த ஒரு எண்ணை வைத்துக்கொண்டு பயப்படவும் வேண்டாம், நிம்மதியடையவும் வேண்டாம்.

உப்பைப் பற்றி இரண்டு வார்த்தை. ஒரு நாளைக்கு ஐந்து கிராமுக்குள் இருக்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஒரு டீஸ்பூன் அளவு. இந்தியர்கள் சராசரியாக எட்டு கிராம் சாப்பிடுகிறோம். பழைய சோறு, அதற்கு ஊறுகாய், மதியம் கருவாட்டுக் குழம்பு, அப்பளம், சாயங்காலம் பாக்கெட் மிக்சர் என்று போகிற நாளில் அது எட்டோடும் நிற்காது. வெயிலில் வேர்த்து உழைக்கிறவனுக்கு உப்பு வேண்டும் என்பது பாதி உண்மை. இப்போது எத்தனை பேர் அந்த உழைப்பு உழைக்கிறோம் என்பதை அவரவர் எண்ணிப் பார்க்கட்டும்.

அடுத்து காது. மூளை நலக் கூட்டத்தில் காதைப் பற்றி இவ்வளவு பேசுவது விசித்திரமாகத் தோன்றலாம். அந்த லான்செட் பட்டியலில் நடுவயதில் வரும் காரணங்களில் முதலிடத்தில் இருப்பவை இரண்டு: கெட்ட கொழுப்பும் காது மந்தமும். ஒவ்வொன்றுக்கும் ஏழு விழுக்காடு. பிரஷரைவிடவும் சர்க்கரையைவிடவும் அதிகம். காது சரியாகக் கேட்காதவருடைய மூளை, பாதி விழுந்த சொல்லை ஊகித்து ஊகித்தே களைத்துப்போகிறது. அவர் சபைக்கு வருவதை நிறுத்திவிடுகிறார். கல்யாண வீட்டில் ஓரமாக உட்காருகிறார். பேச்சு குறைகிறது, பேச்சு குறைந்த மூளை சுருங்குகிறது.

இந்தப் பக்கத்தில் காதுக்குக் கேடு செய்கிற தொழில்கள் நிறைய. களிமண்ணையும் கல்லையும் அரைக்கிற பால் மில்லுக்குப் பக்கத்தில் நின்று பேசிப் பாருங்கள். அங்கே வேலை செய்கிறவர்கள் பேசுவதேயில்லை. விரலைக் காட்டினால் தண்ணீர், கையைக் கவிழ்த்தால் நிறுத்து. வருடக்கணக்கில் அங்கே நின்றவர், வீட்டுக்கு வந்தும் தலையை ஒரு பக்கம் சாய்த்துத்தான் கேட்பார். டிவியை எல்லோருக்கும் எரிச்சல் வருகிற அளவுக்கு வைப்பார். பேரப்பிள்ளையின் கீச்சுக்குரல்தான் முதலில் கேட்காமல் போகும். எட்டு மணி நேர வேலையில் 85 டெசிபலுக்கு மேல் சத்தம் காதின் உள்ளே இருக்கிற நுண்மயிர்களை அழிக்கும். அழிந்தது மறுபடி முளைக்காது. டீசல் என்ஜின், நெல் அரவை மில், கல்யாண மண்டப ஸ்பீக்கர், தவில் எல்லாம் இதில் சேர்த்தி. பட்டறை நடத்துகிற முதலாளிகளை நான் கைகூப்பிக் கேட்டுக்கொள்கிறேன்: காதில் செருகுகிற பஞ்சுக் குமிழ் மிகச் சொற்ப விலை. மில் பக்கம் போகிற ஒவ்வொருவருக்கும் வாங்கிக் கொடுங்கள். தூசிக்கு முகமூடியும், ஈயம் சேராத கிளேஸ் பூச்சும் அதே அக்கறையோடு வேண்டும். ஈயம் பெரியவர்களையும் தாக்கும், வேலைத்துணியில் ஒட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தால் குழந்தையின் மூளையைக் கூடுதலாகத் தாக்கும்.

காது மந்தமானவருக்குக் கருவி மாட்டினால் மூளை பிழைக்குமா? அமெரிக்காவில் 977 முதியவர்களை வைத்து மூன்று ஆண்டு பார்த்தார்கள். 2023-இல் முடிவு வந்தது. எல்லோரையும் சேர்த்துப் பார்த்தால் பெரிய வித்தியாசமில்லை. ஆனால் பிரஷர், சர்க்கரை முதலியவற்றால் ஏற்கெனவே ஆபத்து கூடுதலாக இருந்தவர்களுக்கு அறிவுத் தேய்மானம் ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது. நம் ஊர் முதியவர்கள் பெரும்பாலும் இந்த இரண்டாவது வகை. காதொலிக் கருவி மாட்டினால் ஊர் ‘செவிடு’ என்று சொல்லும் என்று கூச்சப்படுகிறார்கள். மூக்குக் கண்ணாடி போட்டவரைப் பார்த்து ஊர் எதுவும் சொல்வதில்லை. இந்தக் கூச்சத்தைப் போக்குவது குடும்பத்தின் வேலை. வறுமைக்கோட்டுக்குக் கீழ் உள்ள முதியவர்களுக்குக் கருவியும் கண்ணாடியும் இலவசமாகத் தருகிற ராஷ்டிரிய வயோஸ்ரீ யோஜனா 2017 முதல் இருக்கிறது. மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்திலும் கேட்கலாம்.

மூன்றாவதாகப் படிப்பு. பெண்களுக்கு இந்த நோய் ஏன் அதிகம் என்று கேட்டால், அதிக நாள் வாழ்வது ஒரு காரணம். இன்னொரு காரணம் நம் மனச்சாட்சியைத் தொடுவது: பள்ளிக்கூடம் அனுப்பாதது. இளமையில் பெற்ற கல்வி மூளைக்கு ஒரு சேமிப்பைத் தருகிறது. பின்னால் சேதம் வந்தாலும் அந்தச் சேமிப்பை வைத்து அது பல ஆண்டுகள் சமாளிக்கும். இன்று எழுபது வயதாகும் ஆயாக்களில் எத்தனை பேர் மூன்றாம் வகுப்போடு மாடு மேய்க்கவும் தம்பியைப் பார்த்துக்கொள்ளவும் நிறுத்தப்பட்டவர்கள்! அவர்களுடைய மறதிக்கு விதியைக் குறை சொல்வதற்கு முன்னால் நாம் இதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

காலம் கடந்துவிட்டதா என்றால் இல்லை. லக்னோவுக்குப் பக்கத்துக் கிராமங்களில் எழுத்தறியாத பெரியவர்களுக்கு ஆறு மாதம் இந்தி எழுத்து கற்பித்து, முன்னும் பின்னும் மூளையைப் படம் எடுத்துப் பார்த்தார்கள். பெரும்பாலும் முப்பது வயதையொட்டிய பெண்கள். எழுத்துக் கூட்டிப் படிக்கக் கற்றதில் மூளையின் அடியாழத்துப் பகுதிகளின் தொடர்புகளே மாறியிருந்தன. 2017-இல் வந்த ஆய்வு. இதைப் படித்தபோது எனக்குப் புதுக்கோட்டை அறிவொளி இயக்கம் நினைவுக்கு வந்தது. 1991-இல் ஷீலா ராணி சுங்கத் ஆட்சியராக இருந்தபோது, அங்கே கல் குவாரியிலும் வயலிலும் வேலை செய்த பெண்கள் மாலையில் கூடி எழுத்துக் கற்றார்கள்; கூடவே சைக்கிள் ஓட்டக் கற்றார்கள். எழுத்து, உடற்பயிற்சி, கூட்டாளிகள் மூன்றும் ஒரே மாலைக்குள் அமைந்துவிட்டன. மூளை நலத்துக்கென்று இன்று ஒரு திட்டம் தீட்டச் சொன்னால், அறிவொளியை மறுபடி நடத்துங்கள் என்றுதான் எழுதிக் கொடுப்பேன். அறுபது வயதுக்காரருக்கும் அதில் இடம் வேண்டும்.

படிப்பில்லாதவருக்கும் மூளையில் சேமிப்பு சேர வேறு வழிகள் உண்டு. ஹைதராபாத் நிஜாம் மருத்துவ அறிவியல் நிறுவனத்தில் சுவர்ணா அல்லாடி என்ற நரம்பியல் மருத்துவர் 648 நோயாளிகளை ஆராய்ந்து 2013-இல் எழுதினார். ஒரு மொழி மட்டும் பேசியவர்களைவிட இரண்டு, மூன்று மொழி பேசியவர்களுக்கு டிமென்ஷியா சராசரியாக நாலரை ஆண்டு தாமதமாக வந்திருந்தது. பள்ளிக்கூட வாசலே மிதிக்காதவர்களிடமும் இந்த வித்தியாசம் இருந்தது. நம் மாவட்டத்தில் வீட்டில் தெலுங்கும் தெருவில் தமிழும் பேசுகிற குடும்பங்கள் உண்டு. பிள்ளைகள் இப்போது வீட்டு மொழியை விட்டுக்கொண்டு வருகிறார்கள். விடாதீர்கள் என்று சொல்ல எனக்கு இப்போது ஒரு மருத்துவக் காரணமும் கிடைத்திருக்கிறது.

பொம்மைக்குக் கண் எழுதுகிற பெண்களை இங்கே பட்டறைகளில் பார்த்திருப்பீர்கள். ஒற்றை மயிர்த் தூரிகை. மூச்சைப் பிடித்து இமையின் வளைவை ஒரே இழுப்பில் இழுத்து, விழியில் புள்ளி வைப்பார்கள். இடது கண்ணும் வலது கண்ணும் ஒரே இடத்தைப் பார்க்க வேண்டும். மயிரளவு தவறினால் பொம்மைக்கு மாறுகண் ஆகிவிடும். கையும் கண்ணும் கவனமும் இப்படிச் சேர்ந்து உழைக்கிற வேலைக்கு இணையான மூளைப் பயிற்சியை எந்தக் கைப்பேசி விளையாட்டும் தராது. கண் புரை விழுந்ததும் அந்த வேலையை விட்டுவிடுகிறார்கள், பிறகு ஒன்றுமே செய்வதில்லை என்பதுதான் என் வருத்தம். புரை அறுவை சிகிச்சை இலவசமாகவே நடக்கிறது. பார்வை இழப்பும் அந்தப் பதினான்கில் ஒன்று.

நடைக்கு வருகிறேன். 2011-இல் வெளியான ஒரு பரிசோதனையில் 120 முதியவர்களில் பாதிப் பேரை வாரத்துக்கு மூன்று நாள் நாற்பது நிமிடம் நடக்க வைத்தார்கள். ஒரு வருடத்தில் நினைவைப் பதிவு செய்கிற ஹிப்போகேம்பஸ் என்ற பகுதி அவர்களுக்கு இரண்டு விழுக்காடு வளர்ந்திருந்தது. நடக்காமல் கை காலை நீட்டி மடக்கியவர்களுக்குச் சுருங்கியிருந்தது. வீட்டு வேலை செய்கிறேனே, அது போதாதா என்று பெண்கள் கேட்பது வழக்கம். குனிந்து நிமிர்வது நல்லதுதான். ஆனால் மூச்சு சற்று வாங்குகிற மாதிரி, இடையில் யாரும் கூப்பிடாமல் அரை மணி நேரம் நடப்பது வேறு. அந்த அரை மணி நேரம் பெண்ணுக்குக் கிடைக்க வேண்டுமென்றால் சாயங்கால அடுப்பை வேறொருவர் பார்த்துக்கொள்ள வேண்டும். கணவன்மார்கள் இதைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

வண்டி ஓட்டும் தம்பிகளே, உங்களுக்கு உரிய மூளை நலப் பழக்கம் தலைக்கவசம். தலையில் அடிபட்டுப் பிழைத்தவருக்குப் பின்னாளில் டிமென்ஷியா வரும் வாய்ப்பு கூடுகிறது. நெய்வேலிச் சாலையில் லாரிகளுக்கு நடுவே போகிறீர்கள். பக்கத்துத் தெருவுக்குத்தானே என்று கவசத்தை பெட்ரோல் டேங்கின் மேல் மாட்டிக்கொண்டு போகாதீர்கள்.

சாப்பாட்டில் என் கருத்து சிலருக்கு ஏமாற்றமாக இருக்கும். மூளைக்கென்று வகுத்த உணவுமுறையை 604 பேருக்கு மூன்று ஆண்டு கொடுத்துப் பார்த்த அமெரிக்கப் பரிசோதனை, சாதாரணமாகக் கொஞ்சம் குறைத்துச் சாப்பிட்டவர்களோடு ஒப்பிடும்போது தனிப் பலன் காட்டவில்லை. ஆகவே எந்த ஒரு கீரையையும் கொட்டையையும் மருந்தாக விற்க வருகிறவரிடம் பணத்தைக் கொடுக்காதீர்கள். வல்லாரை சாப்பிடுங்கள், அது கீரை, நல்லது. பாதாம் வாங்க முடியாதே என்று ஏங்காதீர்கள். விருத்தாசலம் ஆராய்ச்சி நிலையம் ரகம் ரகமாகக் கொடுத்த மல்லாட்டையும் (நிலக்கடலை) முந்திரியும் நம் மண்ணிலேயே விளைகின்றன. வேகவைத்த மல்லாட்டை ஒரு கைப்பிடி போதும். மூன்று வேளையும் வெள்ளைச் சோறு என்பதை மாற்றி, ஒரு வேளை கம்போ கேழ்வரகோ வரகோ வந்தால் சர்க்கரைக்கு நல்லது, சர்க்கரைக்கு நல்லது மூளைக்கும் நல்லது. புகையிலையும் சாராயமும் குழாய்களையும் நரம்பையும் நேரடியாகக் கெடுக்கின்றன. இதில் அளவோடு என்று சமாதானம் சொல்ல எனக்கு மனமில்லை.

தூக்கம். லண்டனில் ஏறக்குறைய எட்டாயிரம் அரசு ஊழியர்களை இருபத்தைந்து ஆண்டு பின்தொடர்ந்ததில், ஐம்பது, அறுபது வயதில் ஆறு மணி நேரமோ அதற்குக் குறைவாகவோ தூங்கியவர்களுக்கு, ஏழு மணி நேரம் தூங்கியவர்களைவிட டிமென்ஷியா சுமார் 30 விழுக்காடு அதிகம். சுரங்கத்தில் இரவு ஷிஃப்ட், சூளைக்கு இரவுக் காவல் என்று போகிறவர்களுக்குப் பகலில் இருட்டான அறையும் அமைதியும் வீட்டார்தான் தர வேண்டும். தூக்க மாத்திரையை மருந்துக் கடையில் கேட்டு வாங்கி வருடக்கணக்கில் போடுகிறவர்கள் தயவு செய்து மருத்துவரைப் பாருங்கள். அதுவே முதியவர்களின் மறதிக்குக் காரணமாவதை நான் பார்த்திருக்கிறேன். சட்டென்று நிறுத்தவும் கூடாது; படிப்படியாகக் குறைக்க வேண்டும்.

தனிமையைப் பற்றிச் சொல்லாமல் முடியாது. பிள்ளைகள் திருப்பூரிலும் சென்னையிலும் சிங்கப்பூரிலும். வீட்டில் ஆயாவும் டிவியும். நியூயார்க்கில் 75 வயதுக்கு மேற்பட்ட 469 பேரை ஜோ வர்கீஸ் என்ற மருத்துவரும் உடன் ஆய்வாளர்களும் பின்தொடர்ந்து 2003-இல் எழுதினார்கள். படிப்பவர்கள், பலகை விளையாட்டு ஆடுபவர்கள், இசைக்கருவி வாசிப்பவர்களுக்கு நோய் குறைவு. உடலுழைப்புப் பழக்கங்களில் நடனத்துக்கு மட்டுமே அந்தத் தொடர்பு தெரிந்தது. பிறரோடு சேர்ந்து, தாளம் தப்பாமல், அடுத்த அடியை நினைவில் வைத்து ஆடுவது. எனக்கு உடனே கும்மி ஞாபகம் வந்தது. நம் பெண்கள் கைவிட்ட கும்மியையும், ஆண்கள் கைவிட்ட கோயில் மண்டபத் தாய ஆட்டத்தையும் திரும்ப எடுப்பதற்குச் செலவு ஒன்றுமில்லை. தினமும் பேரப்பிள்ளையிடமிருந்து ஒரு தொலைபேசி அழைப்பு வந்தாலும் நல்லதுதான், எதிரில் உட்கார்ந்து பேசுவதற்கு அது ஈடாகாது என்றாலும்.

ஏற்கெனவே நோய் வந்த வீடுகள் இந்தக் கூட்டத்திலும் இருக்கும். முதல் வேலை, திரும்பிவரக்கூடிய மறதியா என்று பார்ப்பது. தைராய்டு குறைவு, வைட்டமின் பி12 குறைவு, மனச்சோர்வு, மருந்துகளின் பக்க விளைவு, கீழே விழுந்து மெதுவாகத் தலைக்குள் கசியும் ரத்தம் இவற்றால் வரும் குழப்பத்தைச் சரிசெய்ய முடியும். முதியோருக்கென்று தனி மருத்துவத் துறை இந்தியாவில் முதலில் தோன்றியதே நம் சென்னை அரசு பொது மருத்துவமனையில்தான். 1978-இல், டாக்டர் வி.எஸ். நடராஜன் முயற்சியில். 2024 முதல் கிண்டியில் தேசிய முதியோர் நல மருத்துவமனை இயங்குகிறது. அவ்வளவு தூரம் போக முடியாதவர்களுக்கு அண்ணாமலை நகரில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. முதியோர் உதவி எண் 14567. பார்த்துக்கொள்கிற மருமகளுக்கோ மகளுக்கோ வாரத்தில் ஒரு நாளாவது விடுப்பு கொடுங்கள். ஒரே கேள்வியை இருபது தரம் கேட்கிற மாமியாருக்கு இருபது தரமும் பதில் சொல்கிற பெண்ணின் பிரஷரை யாராவது பார்த்தீர்களா என்று நான் வீடுகளில் கேட்பதுண்டு. பெரும்பாலும் யாரும் பார்த்திருக்க மாட்டார்கள்.

ஒரு கோரிக்கையோடு வந்திருக்கிறேன். ஆண்டுக்கு ஆறு முறை கிராம சபை கூடுகிறது. அடுத்த கூட்டத்தில் மூன்று விஷயங்களைத் தீர்மானமாக வைக்கலாம். நூறு நாள் வேலை நடக்கிற இடத்தில் வேலை தொடங்குமுன், மரத்தடியில் நாற்காலி போட்டு, நாற்பது தாண்டிய எல்லோருக்கும் மாதம் ஒரு முறை பிரஷர் பார்த்து அட்டையில் எழுதித் தர வேண்டும். ஆண்டுக்கு ஒரு முறை, பட்டறைத் தொழிலாளர்களையும் சேர்த்து, காதும் கண்ணும் சோதிக்கும் முகாம் நடத்த வேண்டும். பள்ளிக்கூட வகுப்பறை ஒன்றை மாலையில் திறந்து, முதியவர்கள் படிக்கவும் ஆடவும் விட வேண்டும். தீர்மானத்தின் வாசகத்தை எழுதிக் கொண்டுவந்திருக்கிறேன். ஊராட்சிச் செயலர் இங்கேதான் இருக்கிறார். வாசிக்கச் சொல்கிறேன், திருத்தம் இருந்தால் இப்போதே சொல்லுங்கள்.